இன்று மாலை ஒரு மணி நேரம்: டீமாக உட்கார்ந்து சிக்கலைத் தீர்க்கச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

உங்கள் வேலையிடத்தில் மூன்று மாதமாக ஒரே தொல்லை திரும்பத் திரும்ப வருகிறதா? வெல்டிங்கில் ரிப்பேர், லோடு ஏற்றுவதில் தாமதம், ஸ்டோர் கணக்கில் குறைவு, எதுவாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் திட்டு வாங்குகிறார். அடுத்த வாரம் அதே தொல்லை வேறு ஆள் தலையில் விடிகிறது. அப்படியென்றால் அது ஒற்றை ஆளால் தீராது, எல்லோரும் கூடி உட்கார்ந்தால்தான் தீரும். தள்ளிப்போடாமல் இன்றைக்கே உட்காருங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்தில் இதற்கு எழுநூறு வருடத்துக்கும் மேற்பட்ட முன்மாதிரி இருக்கிறது. ஊமையன் கோட்டை நிற்கிற பாறையின் தென்புறம் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் சத்தியகிரீசுவரர் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு தரப்புக்கும் இடையே நெடுநாள் தகராறு. 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் எல்லாத் தரப்பாரும் கூடிப் பேசி முடித்தார்கள். முடிவைக் கல்லிலும் வெட்டிவைத்தார்கள்.

அதே திருமயத்தில் 2013 ஆகஸ்டில் பெல் நிறுவனத்தின் மின்நிலையக் குழாய்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஒரு பகுதியில் வேலை செய்கிறவர்களே சிறு குழுவாக உட்கார்ந்து தங்கள் சிக்கலைத் தாங்களே தீர்ப்பதற்கு 'குவாலிட்டி சர்க்கிள்' என்று பெயர். ஜப்பானில் 1962-இல் தொடங்கிய இந்த முறையை இந்தியாவுக்குள் முதலில் கொண்டுவந்ததும் பெல்தான். 1980-இல், ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திரபுரம் ஆலையில் அது தொடங்கியது. கீழே நான் சொல்வதில் பாதி அந்த முறையிலிருந்து வந்தது. மீதி, ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் நானும் மற்றவர்களும் பட்டுத் தெரிந்துகொண்டது.

செய்ய வேண்டியவை

• ஆபத்து இருந்தால் முதலில் வேலையை நிறுத்துங்கள். கிரேன் சங்கிலி பிரிந்திருக்கும்போதும் கேஸ் கசியும்போதும் காரணம் பேச நேரம் கிடையாது. எல்லோரும் வெளியே வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.

• சிக்கலை ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரியில் யார் பெயரும் வரக்கூடாது. "நைட் ஷிப்ட் ஆட்கள் சரியில்லை" என்று எழுதினால் சண்டை வரும். "இரவில் போட்ட 40 ஜாயிண்டில் 9 ரிப்பேர்" என்று எழுதினால் வேலை நடக்கும். எண்ணைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது.

• ஆறு பேருக்குக் குறையாமல், பத்துப் பேருக்கு மிகாமல் கூப்பிடுங்கள். குறைந்தால் விஷயம் தெரிந்தவர் விட்டுப்போவார், கூடினால் பாதிப் பேர் வாய் திறக்கமாட்டார்கள்.

• ஹெல்ப்பரையும், கான்ட்ராக்ட் தம்பியையும், கூட்டிப் பெருக்குகிற அக்காவையும் கூப்பிடுங்கள். பட்டறையில் எங்கே எண்ணெய் ஒழுகுகிறது, எந்தச் சுவிட்ச் சுடுகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அது உங்கள் காதுக்கு வருவதில்லை.

• எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லித் தொடங்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் பெயரும் பொறுப்பும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஒரு தடவை வாய் திறந்தவர் அடுத்த தடவையும் திறப்பார்.

• சிக்கல் நடந்த இடத்துக்கு, அது நடக்கிற நேரத்திலேயே போய் நில்லுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் ஒரு நல்ல தொழிலாளியின் பிழைப்பு கெட்டதைப் பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறை. ஐப்பசி அடைமழை. இரவு ஷிப்டில் போட்ட ஜாயிண்டுகளை எக்ஸ்ரே எடுத்தால் ஃபிலிமில் புள்ளி புள்ளியாகப் போராசிட்டி, அதாவது வாயுத் துளைகள். பகலில் போட்டவை சுத்தமாக இருந்தன. பகல் பதினொரு மணிக்கு ஏசி அறையில் மீட்டிங் போட்டு, இரவு வெல்டரின் கை சரியில்லை என்று முடிவு கட்டினோம். அவரை வெல்டிங்கிலிருந்து மாற்றி கிரைண்டிங்கில் போட்டார்கள். பத்து நாளில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் போட்ட ஜாயிண்டிலும் அதே புள்ளிகள்.

அதற்கப்புறம்தான் ஒரு ராத்திரி வெல்டர், ஸ்டோர்காரர், எலெக்ட்ரீஷியன், ஹெல்ப்பர், நான் ஐந்து பேரும் அந்த இடத்தில் போய் நின்றோம். லோ ஹைட்ரஜன் ராடுகளைப் பெரிய ஓவனில் 300 டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்து, கையில் தூக்குகிற போர்ட்டபிள் ஓவனில் சூடாகவே வைத்திருந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும். ஈரம் பிடித்த ராடை எரித்தால் வாயு வெல்டுக்குள் சிக்கிக்கொள்ளும். எங்கள் போர்ட்டபிள் ஓவனில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. ஹெல்ப்பர் தம்பி மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, லைட்டு மட்டுந்தான் எரியும். உள்ள சூடு இருக்காது." புறங்கையை வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர்ப் பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. உள்ளே சூடாக்குகிற காயில் போயிருந்தது. பகல் ஷிப்ட் பயன்படுத்திய ஓவன் வேறு. அது அடுத்த ஷெட்டில் இருந்தது, இரவில் அந்த ஷெட்டைப் பூட்டிவிடுவார்கள். தம்பிக்கு இது மூன்று வாரமாகத் தெரியும். எங்களில் ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

• "ஏன்" என்று ஐந்து தடவையாவது கேளுங்கள். டொயோட்டா தொழிற்சாலைகளில் பழகிய வழி இது. அந்த ராத்திரி நாங்களும் கேட்டோம். புள்ளி ஏன்? ராடில் ஈரம். ஈரம் ஏன்? ஓவனில் சூடு இல்லை. ஏன்? காயில் போய்விட்டது. ஏன் மாற்றவில்லை? மெயின்டனன்ஸுக்குப் புகார் போகவில்லை. ஏன் போகவில்லை? புகார் நோட்டு ஆபீஸ் அறையில் இருக்கிறது, ராத்திரி அறைக்குப் பூட்டு. மூன்றாவது "ஏன்"னோடு நிறுத்தியிருந்தால் காயிலை மட்டும் மாற்றியிருப்போம். அடுத்து வேறு எது கெட்டாலும் ராத்திரியில் யாரிடம் சொல்வது என்று தெரியாமலே போயிருக்கும். நோட்டை ஷிப்ட் டேபிளில் நூல் போட்டுக் கட்டிவைத்தோம்.

• காரணம் பலவாகத் தெரிந்தால் மீன்முள் படம் போடுங்கள். ஜப்பானியப் பேராசிரியர் இஷிகாவா பரப்பிய முறை இது. நடுவில் ஒரு முதுகெலும்பு, மீனின் தலையில் சிக்கல், பக்க முட்களில் ஆள், இயந்திரம், பொருள், செய்முறை. தரையில் சாக்பீஸால் போட்டாலும் போதும். கண்முன் படமாக இருந்தால் ஆளுக்கு ஒரு திசையில் பேச்சு ஓடாது.

• பதவியில் பெரியவரைக் கடைசியில் பேசவிடுங்கள். மேனேஜர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்ற ஏழு பேரும் "ஆமா சார்" என்பதோடு சரி. நீங்களே மேனேஜர் என்றால் முதல் அரை மணி நேரம் குறிப்பு மட்டும் எடுங்கள்.

• கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கப் பெண்களுக்கு வண்டி இல்லை. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்று யாரும் காத்திருக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். ஒருத்தி பிடித்துக்கொள்ள இன்னொருத்தி மிதித்தாள். உங்கள் டீமும் புது மெஷின் சாங்க்ஷன் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

• ஒரு மாற்றத்தை ஒரு மெஷினில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது.

• முடிவை யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "பார்த்துக்கலாம்" என்று கலைந்த கூட்டத்தில் பார்க்கிற ஆள் யாருமில்லை. கல்லில் வெட்டினார்கள் என்பதால்தான் 1245-இன் முடிவு இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. நீங்கள் ஏ4 தாளில் எழுதினாலே போதும்.

• இரண்டு டிபார்ட்மெண்டுக்கும் ஆகாது என்றால், இரண்டிலும் சேராத ஒருவரை நடுவில் உட்கார வையுங்கள். அப்பண்ண தண்டநாயகர் வெளியூர்க்காரர். புரொடக்ஷனுக்கும் குவாலிட்டிக்கும் சண்டை என்றால் ஸ்டோர்காரரைக் கூப்பிடுங்கள். அவர் ஒன்றும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

செய்யக்கூடாதவை

• "யார் செய்தது?" என்று தொடங்காதீர்கள். இந்தக் கேள்வி விழுந்த நிமிடமே எல்லோரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். உண்மை தெரிந்தவர்தான் முதலில் வாயை மூடுவார். எங்கள் பட்டறையில் அந்த வெல்டரை இழந்தது இந்தக் கேள்வியால்தான். காயில் விஷயம் தெரிந்தபிறகு அவரைக் கூப்பிட்டார்கள், அவர் திரும்பி வரவில்லை. அந்த மீட்டிங்கில் நானும் தலையாட்டினேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது.

• ஒற்றை ஆளாக மறுப்பவரை அமுக்காதீர்கள். 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலத்துக்கு பூஸ்டர் செய்த நிறுவனத்தின் என்ஜினியர்கள், கடுங்குளிரில் ரப்பர் வளையம் இடைவெளியைச் சரியாக அடைக்காது, நாளைக்கு ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். மேலாளர்கள் தனியாகப் பேசி அந்தக் கருத்தை மாற்றி, ஏவலாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் கிளம்பிய 73-ஆவது விநாடியில் கலம் சிதறியது, 7 பேர் இறந்தார்கள். உங்கள் டீமில் ஒருவர் "எனக்கு மனசு ஒப்பலை" என்றால், "எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். பதிலை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

• காரணத்தை ஓட்டுப் போட்டு முடிவு செய்யாதீர்கள். டீ எந்தக் கடையில் வாங்குவது என்பதற்கு வேண்டுமானால் கை தூக்கச் சொல்லலாம். ஓவனில் சூடு இருக்கிறதா என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

• வாட்ஸ்அப் குரூப்பில் சிக்கலைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். எழுத்தில் குரல் தெரியாது, சாதாரணக் கேள்விகூட அதட்டல் மாதிரித் தெரியும். ஒருவரைக் குறைசொல்லி ராத்திரி பத்து மணிக்குப் போட்ட மெசேஜ், ஸ்கிரீன்ஷாட் ஆகிக் காலையில் அவர் சொந்தக்காரர் வரை போய்விடும். குரூப்பை நேரமும் இடமும் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

• ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்புகிறவரைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். அரிமளம் போகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்ற நினைப்பில்தான் அவர் உட்கார்ந்திருப்பார். வாரத்தில் ஒரு மணி நேரம், அதுவும் வேலை நேரத்துக்குள். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க நிர்வாகத்துக்கு மனமில்லை என்றால், தீர்வைக் கேட்கவும் மனமில்லை என்று புரிந்துகொண்டு முதலில் அதைப் பேசுங்கள்.

• ஒரே கூட்டத்தில் எல்லாவற்றையும் இழுக்காதீர்கள். கேன்டீன் சாம்பார், பார்க்கிங், போனஸ் எல்லாம் நியாயமான பேச்சுதான். தனியாக ஒரு தாளில் குறித்துவைத்து, எடுத்த விஷயத்துக்குத் திரும்புங்கள்.

• பாலியல் தொல்லைப் புகாரை டீம் மீட்டிங்கில் வைக்காதீர்கள், வைக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். புகார் தந்தவர் யார் என்பதை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. "நமக்குள்ளேயே பேசி முடிச்சிடலாம்" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

• சம்பளப் பாக்கியையும் பி.எஃப். பிடித்தத்தையும் "டீமாகத் தீர்க்க வேண்டிய சிக்கல்" என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். அது முதலாளியின் கடமை. தொழிற்சங்கத்திடமும் தொழிலாளர் துறையிடமும் போங்கள்.

• பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். திருமயம் சிவன் கோயிலில் குடுமியான்மலையில் இருப்பதுபோல் ஒரு பழைய இசைக் கல்வெட்டும் இருந்தது. தகராறைத் தீர்த்த அந்த 13-ஆம் நூற்றாண்டு முடிவை வெட்டியபோது அதன் பெரும்பகுதி சிதைந்துபோனது என்கிறார்கள் கல்வெட்டு ஆய்வாளர்கள். ஒரு சண்டையைத் தீர்த்தவர்கள் இசை வரலாற்றின் ஒரு பக்கத்தை அழித்துவிட்டார்கள். நினைக்கும்போதெல்லாம் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் எக்செல் ஷீட்டில் பழைய எண்களின் மேலேயே டைப் அடிக்காதீர்கள். தேதி போட்டுப் புது ஷீட் திறங்கள். பழைய லாக் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

• ஒருவர் கொடுத்த யோசனையை உங்கள் பெயரில் மேலே கொண்டுபோகாதீர்கள். குவாலிட்டி சர்க்கிள் முறையில் தீர்வை நிர்வாகத்தின் முன் விளக்குவது குழுவின் ஆட்களேதான். ஹெல்ப்பர் கண்டுபிடித்ததை ஹெல்ப்பரே எழுந்து சொல்லட்டும். திக்கித் திணறினாலும் பரவாயில்லை. பரிசுப் பணம் வந்தால் ஆளுக்குச் சமமாகப் பிரியுங்கள், கான்ட்ராக்ட் ஆளுக்கும் சேர்த்து.

• உங்களால் கொடுக்க முடியாததை டீமுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "புது ஓவன் வாங்கித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, பர்ச்சேஸில் ஆறு மாதம் இழுத்தால் அடுத்த மீட்டிங்குக்கு ஆள் வராது. "கேட்டுப் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமை பதில் சொல்றேன்" என்று சொல்லுங்கள். பதில் இல்லை என்றாலும் வெள்ளிக்கிழமை வந்து அதையே சொல்லுங்கள்.

• ஒரு வாரம் ரிப்பேர் வரவில்லை என்று ஃபைலை மூடாதீர்கள். நாங்கள் காயில் மாற்றிய வாரம் மழையும் விட்டிருந்தது, ராடு எப்படி வைத்திருந்தாலும் ஓரளவு காய்ந்துதான் இருக்கும். அதனால் தினம் ஷிப்ட் ஏறும்போது ஒருவர் ஓவனில் புறங்கை வைத்துப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஐப்பசி மழை முழுக்கப் பெய்து ஓய்ந்து, அந்த மாதத்து ஃபிலிம்கள் சுத்தமாக வந்தபிறகுதான் முடிவு எழுதிய தாளைச் சுவரிலிருந்து எடுத்தோம்.